எந்தத் தண்ணி மீன் நல்லது?

விருத்தாசலத்தில் மீன் வாங்கும் வீட்டுக்கு மூன்று தண்ணீரிலிருந்து மீன் வருகிறது. சுற்றுவட்டார ஏரி குளங்களிலிருந்து விரால், கெளுத்தி, கெண்டை, ஜிலேபி. மணிமுத்தாற்றிலும் வெள்ளாற்றிலும் தண்ணீர் ஓடும் காலத்தில் ஆத்து மீன். பரங்கிப்பேட்டை, கடலூர் பக்கமிருந்து ஐஸ் பெட்டியில் வரும் கடல் மீன். வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “எந்தத் தண்ணி மீன்?”

முன்பெல்லாம் இது ருசிக்காகக் கேட்ட கேள்வி. இப்போது அதில் கொஞ்சம் பயமும் சேர்ந்திருக்கு. ஒரு பக்கம் நெய்வேலி சுரங்கமும் அனல்மின் நிலையங்களும். சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீர் வாலாஜா ஏரி, பரவனாறு, பெருமாள் ஏரி என்று போய்க் கடைசியில் கடலூர்ப் பக்கம் கடலைச் சேர்கிறது. இன்னொரு பக்கம் கடலூர் சிப்காட் ரசாயன ஆலைகளும் அதை ஒட்டிய உப்பனாறும். “மீனில் கன உலோகம்” என்று அடிக்கடி செய்தி வருது. படித்தவுடன் சிலர் ஏரி மீனை விட்டுக் கடல் மீனுக்கு மாறுகிறார்கள். சிலர் கடல் மீனை விட்டுப் பண்ணை மீனுக்கு. சிலர் மீனையே நிறுத்திவிடுகிறார்கள்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான்: “எந்தத் தண்ணி?” என்பது நல்ல கேள்வி, ஆனால் பாதிக் கேள்வி. தண்ணீரில் எவ்வளவு உலோகம் இருக்கு என்பதை வைத்து மீனில் எவ்வளவு இருக்கும்னு சொல்ல முடியாது. எந்த உலோகம், எந்த வடிவில், எந்த மீனில், மீனின் எந்தப் பாகத்தில் என்று நான்கையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் வரும்.

பீங்கான் ஊருக்குத் தெரிந்த பாடம்

இந்த “வடிவம்” என்ற விஷயத்தை விளக்க விருத்தாசலத்தைவிட நல்ல ஊர் கிடைக்காது. பீங்கான் தொழிற்பேட்டையும் அரசு செராமிக் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கிற ஊர். பியூஸ் கேரியர், இன்சுலேட்டர், பொம்மை எல்லாம் செய்கிற ஊர். பீங்கான் தொழிலில் நிறம் என்றாலே உலோகம்தான். நீலம் வேண்டுமா, கோபால்ட். பச்சைக்குக் குரோமியம் அல்லது தாமிரம். பழுப்புக்கு இரும்பும் மாங்கனீசும். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சளுக்கு உலகம் முழுக்கக் காட்மியம் கலந்த நிறமிகளைப் பயன்படுத்தினார்கள். கிளேஸ் குறைந்த சூட்டிலேயே உருகி, கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டும் என்பதற்காகக் காரீயம் சேர்ப்பதும் பழைய வழக்கம்.

இப்போது ஒரு தட்டை எடுத்துக்கொள்வோம். அதன் கிளேஸில் காரீயம் இருக்கு. அதில் சாப்பிட்டால் ஆபத்தா? “எவ்வளவு காரீயம் இருக்கு?” என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. சரியான கலவையில், சரியான சூட்டில் சுட்ட கிளேஸில் காரீயம் கண்ணாடிக்குள் சிறைப்பட்டுக் கிடக்கும். அரைகுறையாகச் சுட்டது என்றால், புளிக்குழம்பு ஊற்றினாலே கரைந்து வெளியே வரும். அதனால்தான் உலகத் தர விதிகளில், பாத்திரத்தை இடித்துப் பொடியாக்கி உள்ளே என்ன இருக்குன்னு பார்ப்பதில்லை. 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை, அதாவது கிட்டத்தட்ட வினிகரை, பாத்திரத்தில் ஊற்றி 24 மணி நேரம் வைத்துவிட்டு, எவ்வளவு கரைந்து வெளியே வந்தது என்று அளக்கிறார்கள். 

இருப்பது வேறு, வெளியே வருவது வேறு. மீனுக்கும் இதே கணக்குதான். ஏரித் தண்ணீரில், சேற்றில் உலோகம் இருப்பது ஒரு விஷயம். அது மீனுக்குள் போகிற வடிவில் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

தேவையானதும் தேவையில்லாததும்

உலோகம் என்றாலே விஷம் என்று நினைக்க வேண்டாம். துத்தநாகம், தாமிரம், இரும்பு, மாங்கனீசு இல்லாமல் மீனும் வாழாது, நாமும் வாழ முடியாது. ஆகவே உடம்பில் இவற்றுக்கு ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். கூடினால் வெளியேற்றுவார், குறைந்தால் சேர்த்து வைப்பார். தண்ணீரில் துத்தநாகம் ஓரளவு ஏறினாலும் மீனின் தசையில் அது பெரிதாக ஏறாததற்கு இதுதான் காரணம். 

காரீயம், காட்மியம், பாதரசம் மூன்றும் உடம்புக்கு எந்த வேலைக்கும் ஆகாது. இவை திருட்டு வழியில் உள்ளே வருகின்றன. காட்மியமும் காரீயமும் கால்சியம் போகும் வாசல் வழியே நுழைகின்றன. உள்ளே வந்தபின் காரீயம் பெரும்பாலும் எலும்பு, செதில், செவுளில் தங்கும். காட்மியம் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கும். நாம் சாப்பிடும் சதையில் இவை இரண்டும் குறைவு. இன்னொரு முக்கியமான விஷயம்: சின்ன மீனைப் பெரிய மீன் தின்று, அதை இன்னும் பெரிய மீன் தின்னும் வரிசையில் இவை படிப்படியாகப் பெருகுவதில்லை. 

பாதரசத்தின் கதை தனி. அதைப் பிறகு பார்ப்போம்.

மூன்று தண்ணீர், மூன்று வேதியியல்

நல்ல தண்ணி மீனின் ரத்தத்தில் உப்பு அதிகம், வெளியே தண்ணீரில் குறைவு. ஆகவே அது தண்ணீர் குடிப்பதே இல்லை என்று சொல்லலாம். தேவையான உப்பைச் செவுள் வழியே தண்ணீரிலிருந்து பிடித்து உள்ளே இழுக்கும். கடல் மீன் இதற்கு நேர் எதிர். வெளியே உப்பு அதிகம் என்பதால் உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்டக் கடல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஏரி மீனுக்குச் செவுள் பெரிய வாசல். கடல் மீனுக்குச் செவுளோடு குடலும் ஒரு வாசல்.

இதற்கு மேல் தண்ணீரின் தன்மை வேறு. காட்மியம் தனி அயனியாக இருந்தால் செவுளுக்குள் சுலபமாகப் போகும். கடலில் குளோரைடு ஏராளம். அது காட்மியத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒரே அளவு காட்மியம் ஏரித் தண்ணீரிலும் கடல் தண்ணீரிலும் இருந்தால், ஏரி மீனுக்குத்தான் சிரமம் அதிகம். 

ஏரிக்கு ஏரியும் மாறும். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்றால், அதாவது கடினத் தண்ணீர் என்றால், அதில் உள்ள கால்சியம் செவுளின் வாசலில் காட்மியத்தோடும் காரீயத்தோடும் போட்டி போடும். வாசல் ஒன்று, வரிசையில் நிற்பவர் பலர். ஆக, கடினத் தண்ணீரில் வாழும் மீனுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. மலையில் மழைத் தண்ணீர் தேங்கும் மென்மையான ஏரியில் அந்தப் பாதுகாப்பு குறைவு. தண்ணீர் அமிலமாக இருந்தால் மண்ணோடு ஒட்டியிருக்கும் உலோகமும் கரைந்து வெளியே வரும்.

மூன்றாவது, ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரம். மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்ந்து, அந்த வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. அந்த இடத்தில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. வெள்ளாற்று முகத்துவாரத்தின் தண்ணீர், சேறு, மீன், சிப்பி எல்லாவற்றிலும் உலோகத்தை அளந்த ஆய்வுகள் அங்கிருந்து நிறைய வந்திருக்கின்றன.

முகத்துவாரத்தில் நடப்பது வேடிக்கையானது. ஆற்றுத் தண்ணீர் உப்பைச் சந்தித்ததும், அதில் கரைந்தும் மிதந்தும் வந்த இரும்பு திரண்டு கட்டியாகிக் கீழே இறங்கும். பால் திரிவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது காரீயத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சேற்றில் படியும். காட்மியமோ நேர் எதிர் வேலை செய்யும். மண் துகளில் ஒட்டி வந்தது, குளோரைடைக் கண்டதும் துகளை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு வந்துவிடும். ஒரே இடம், ஒரே உப்பு. ஒரு உலோகம் கீழே போகிறது, இன்னொன்று மேலே வருகிறது. “முகத்துவாரத்தில் மாசு அதிகம்” என்று ஒரே வரியில் சொல்வது எவ்வளவு தவறு பாருங்கள்.

சேறுதான் கிடங்கு

ஏரியானாலும் ஆறானாலும் உலோகத்தின் பெரும் பகுதி தண்ணீரில் இருப்பதில்லை, அடியில் சேற்றில்தான் கிடக்கும். காற்றுப்படாத கறுப்புச் சேற்றில் கந்தகம் இருக்கும். முட்டை அழுகிய வாசனை வருமே, அதுதான். அந்தக் கந்தகம் காரீயம், காட்மியம், துத்தநாகத்தைப் பிடித்துப் பூட்டி வைத்துக்கொள்ளும். தூர்வாரிக் கிளறினால், அல்லது ஏரி வற்றிச் சேறு காய்ந்து வெடித்துக் காற்றுப்பட்டால், பூட்டு திறக்கும். அடுத்த மழையில் அது தண்ணீருக்கு வரும். நம்ம பக்கத்து ஏரிகள் வருஷா வருஷம் காய்ந்து நிறைகிறவை என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஜனவரியில் எடுத்த மாதிரியும் புது மழைக்குப் பின் எடுத்த மாதிரியும் ஒரே ஏரியின் இரண்டு முகங்கள்.

அதனால், மீன் எங்கே மேய்கிறது என்பதும் கணக்கில் வரும். மடவை சேற்றை உறிஞ்சி அதில் உள்ளதைத் தின்னும். கெளுத்தி அடியில் திரியும். அயிரை மணலுக்குள்ளேயே வாழும். இவற்றின் குடலில் எப்போதும் கொஞ்சம் சேறு இருக்கும். நெத்திலி, மத்தி கடலின் மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் சாப்பிடும்.

அயிரையை உயிரோடு வாங்கி வந்து, பால் அல்லது மோர் கலந்த தண்ணீரில் விட்டு, “மண்ணைக் கக்கட்டும்” என்று காத்திருப்பார்கள் நம் வீடுகளில். ஆய்வுக்கூடத்திலும் இதையேதான் செய்கிறார்கள். சிப்பி, புழு போன்றவற்றை அளப்பதற்கு முன் சுத்தமான தண்ணீரில் ஒரு நாள் விட்டுக் குடலைக் காலி செய்துவிட்டுத்தான் அளப்பார்கள். இல்லாவிட்டால் உயிரியின் உலோகத்தோடு சேற்றின் உலோகமும் கணக்கில் ஏறிவிடும். பாட்டி செய்ததற்கு ருசி காரணம், ஆய்வாளர் செய்வதற்குத் துல்லியம் காரணம். பலன் ஒன்றுதான்.

பாதரசம்: விதியை மீறும் உலோகம்

இப்போது பாதரசத்துக்கு வருவோம். மேலே சொன்ன எல்லாவற்றிலிருந்தும் இது விலகி நிற்கிறது. 

நிலக்கரியிலும் பழுப்பு நிலக்கரியிலும் மிகச் சிறிய அளவில் பாதரசம் உண்டு. எரிக்கும்போது அது ஆவியாகிப் புகையோடு போகும். எங்கேயோ மழையோடு இறங்கும். தண்ணீருக்குள் வந்தபின், காற்றுப்படாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. இந்த மெத்தில் வடிவம்தான் வில்லன். உணவோடு உள்ளே போனால் கிட்டத்தட்ட முழுவதும் உடம்பில் சேரும். புரதத்தோடு ஒட்டிக்கொண்டு தசையில் தங்கும். மெதுவாகத்தான் வெளியேறும். மனித உடம்பிலேயே பாதி குறைய சுமார் 50 நாள் ஆகும்.

நுண்ணுயிரில் கொஞ்சம், அதைத் தின்ற நெத்திலியில் இன்னும் கொஞ்சம், நெத்திலிகளைத் தின்ற சூரையில் அதைவிட அதிகம், சூரையைத் தின்ற சுறாவில் இன்னும் அதிகம். தண்ணீரில் உள்ளதைப் போலப் பத்து லட்சம் மடங்கும் அதற்கு மேலும் வேட்டை மீனில் இருக்கலாம். 1956இல் ஜப்பானின் மினமாட்டா ஊரில் வெளியே தெரிய வந்த நோய் இப்படி வந்ததுதான். சிஸ்ஸோ என்ற ஆலை வளைகுடாவில் விட்ட கழிவில் இருந்த மெத்தில் பாதரசம் மீனுக்குள் போய், மீனிலிருந்து பூனைக்கும் மீனவர்களுக்கும் அவர்கள் வீட்டில் பிறந்த குழந்தைகளுக்கும் போனது.

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. 1983இல் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் ஆலையை நிறுவினார்கள். பிறகு அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் கிடப்பது வெளியே தெரிந்து, 2001இல் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்களுக்கான உடன்பாடு 2016இல்தான் வந்தது.

ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வுக்கூடம் ஒன்றின் விஞ்ஞானிகள் கொடைக்கானல் ஏரி, பேரிஜம் ஏரி, கூக்கால் ஏரி என மூன்று ஏரிகளை ஒப்பிட்டு 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கொடைக்கானல் ஏரித் தண்ணீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் பாதரசம் இருந்தது. அதில் சுமார் 50 நானோகிராம் மெத்தில் வடிவம். மூன்று ஏரிகளின் வண்டலிலும் பாதரசம் இருந்தது. கொடைக்கானலில் அதிகம், பேரிஜத்தில் குறைவு, கூக்காலில் இன்னும் குறைவு. மெத்தில் வடிவத்தின் பங்கும் அதே வரிசையில்தான் இருந்தது: சுமார் 6 சதவீதம், 3 முதல் 4 சதவீதம், 2 சதவீதம். கொடைக்கானல் ஏரி மீனிலும் பாதரசம் இருந்தது. ஆலையிலிருந்து காற்று வழியாகவே பாதரசம் ஏரிக்கு வந்திருக்கிறது என்பது அவர்கள் கருத்து.

இதில் கவனிக்க வேண்டிய எண் எது தெரியுமா? குடிதண்ணீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம் பாதரசம். அதாவது 1000 நானோகிராம். கொடைக்கானல் ஏரித் தண்ணீர் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை! பாதரசத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தத் தண்ணீர் குடிதண்ணீர்ப் பரீட்சையில் பாஸ். “தண்ணியைச் சோதிச்சோம், அளவுக்குள்ளேதான் இருக்கு” என்று ஒரு அதிகாரியோ ஆலையோ சொன்னால், அது தண்ணீரைப் பற்றிய உண்மை. மீனைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. மீனைச் சோதித்தால்தான் மீனைப் பற்றித் தெரியும்.

ஒரு செய்தியை எப்படிப் படிப்பது

அடுத்த முறை “மீனில் கன உலோகம்” என்று செய்தி வந்தால் இவற்றைப் பாருங்கள்.

முதலில், ஈர எடையா உலர் எடையா? ஆய்வாளர்கள் பல சமயம் மீனை உலர்த்திப் பொடியாக்கித்தான் அளப்பார்கள். மீன் சதையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஆக, உலர் எடையில் வரும் எண் ஈர எடையைவிட நான்கு, ஐந்து மடங்கு பெரிசாகத் தெரியும். உணவுப் பாதுகாப்பு வரம்புகளோ பச்சை மீனின் ஈர எடைக்குப் போட்டவை. மீனில் காரீயத்துக்கு உலகளாவிய கோடெக்ஸ் வரம்பு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். உலர் எடையில் 1 மில்லிகிராம் என்று வந்த எண்ணை இதோடு அப்படியே ஒப்பிட்டால் “மூன்று மடங்கு அதிகம்” என்று தலைப்புப் போடலாம். சரியாக மாற்றினால் அது 0.2 முதல் 0.25தான், வரம்புக்குள்ளேயே இருக்கு.

இரண்டாவது, எந்தப் பாகம்? ஈரலில் காட்மியம் அதிகம் என்பது தண்ணீர் கெட்டிருக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். நாம் சாப்பிடும் துண்டைப் பற்றி அது நேரடியாகச் சொல்லாது.

மூன்றாவது, எவ்வளவு பெரிய மீன்? ஒரு ஏரியில் அரைக் கிலோ ஜிலேபியையும் இன்னொரு ஏரியில் மூன்று கிலோ விராலையும் பிடித்துவிட்டு இரண்டு ஏரிகளை ஒப்பிட்டால், பாதரச விஷயத்தில் அது ஏரிகளின் வித்தியாசம் ஆகாது. மீன்களின் வித்தியாசம். விரால் வேட்டை மீன், வயதும் அதிகம்.

நான்காவது, எந்த வடிவம்? கடல் மீனிலும் இறாலிலும் மொத்த ஆர்சனிக் நல்ல தண்ணி மீனைவிட அதிகமாகவே இருக்கும். பயப்பட வேண்டாம். அதில் பெரும்பகுதி ஆர்சனோபீட்டேன் என்ற கரிமச் சேர்மம். சிறுநீரில் அப்படியே வெளியே போய்விடும். நிலத்தடி நீரில் வரும் ஆர்சனிக் அது அல்ல. பேர் ஒன்று, குணம் வேறு. பீங்கான் தட்டில் பார்த்த அதே பாடம்.

வாரத்துக்கு எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு 2003இல் மெத்தில் பாதரசத்துக்கு ஒரு வரம்பு சொன்னது: வாரத்துக்கு, உடல் எடை ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். கர்ப்பத்தில் உள்ள சிசுவின் மூளையை மனதில் வைத்துப் போட்ட வரம்பு இது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

50 கிலோ எடையுள்ள கர்ப்பிணிக்கு வாரத்துக்கு 80 மைக்ரோகிராம். கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் பாதரசம் உள்ள மீன் என்றால், வாரத்துக்கு 160 கிராம். ஒரு வேளைக் குழம்பிலேயே முடிந்துவிடும். கிலோவுக்கு 0.05 மில்லிகிராம்தான் உள்ள மீன் என்றால், 1600 கிராம். வாரம் முழுக்கச் சாப்பிட்டாலும் தீராது. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு முதல் மீனில் 64 கிராம்தான்.

ஆக, மீனை நிறுத்துவதா வேண்டாமா என்பதல்ல கேள்வி. எந்த மீன் என்பதுதான். மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன்கள் உணவு வரிசையில் கீழே இருப்பவை, குறைந்த வயதிலேயே பிடிபடுபவை. பாதரசம் இவற்றில் பொதுவாகக் குறைவு. குழந்தையின் மூளைக்குத் தேவையான ஒமேகா கொழுப்பு மத்தியில் தாராளம். மீனையே நிறுத்தினால் அந்த நஷ்டமும் கணக்கில் வர வேண்டும்.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கட்டும் என்று சுறாப்புட்டு செய்து கொடுப்பார்கள். சுறா வேட்டை மீன். ஆனால் பால்சுறா என்று நாம் சொல்வது சிறிய இனம், ஆள் உயரம்கூட வளராது. அதோடு, மெத்தில் பாதரசம் தாய்ப்பாலில் போவதைவிடக் கர்ப்பத்தில் தொப்புள்கொடி வழியாகப் போவதுதான் அதிகம். ஆகவே, குட்டிச் சுறாவில் எப்போதாவது ஒரு புட்டு என்பதற்காக யாரும் பதற வேண்டியதில்லை. பெரிய சுறாத் துண்டை, அதுவும் கர்ப்ப காலத்தில், வாரா வாரம் சாப்பிடுவதைத்தான் தவிர்க்க வேண்டும். பெரிய வஞ்சிரம், பெரிய சூரைக்கும் இதே யோசனைதான்.

சமையலறையில் முடிவதும் முடியாததும்

செவுள், குடல், ஈரல், சிறுநீரகத்தைச் சுத்தமாக எடுத்துவிட்டால் காட்மியம், காரீயத்தின் பெரும் பங்கு குப்பைக்குப் போய்விடும். நண்டில் ஓட்டுக்குள் இருக்கும் பழுப்பு நிறப் பகுதியில்தான் காட்மியம் சேரும். அடிக்கடி நண்டு சாப்பிடுகிறவர்கள் அதை விட்டுவிடலாம். சின்ன மீனைத் தலையோடு குடலோடு சாப்பிடும்போது இந்த வசதி கிடையாது. அதனால் சேற்றில் மேயும் சின்ன மீன் எங்கே பிடித்தது என்பது முக்கியம். கருவாட்டில் தண்ணீர் போய்விடுவதால் கிராமுக்குக் கிராம் உலோகம் கூடுதலாகத் தெரியும். ஆனால் ஒரு வேளைக்கு நாம் போடும் அளவும் குறைவு.

பாதரசத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அது சதையிலேயே இருக்கு. வறுத்தாலும் போகாது, அவித்தாலும் போகாது, மஞ்சளும் புளியும் போட்டு ஊற வைத்தாலும் போகாது. வாங்கும்போதே தேர்ந்தெடுப்பதுதான் வழி.

சுத்தமான மீனை வாங்கி வந்து, மலிவான பளபளக் கிளேஸ் சட்டியில் புளி கரைத்துக் குழம்பு வைத்து, மிச்சத்தை அதிலேயே மறுநாள் வரை வைத்தால் வேறு வழியில் காரீயம் வரலாம். கிளேஸ் இல்லாத மண்சட்டியில் அந்தக் கவலை இல்லை. உணவுக்கென்று செய்யாத அலங்காரப் பீங்கானை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

எந்தத் தண்ணி?

சரி, ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பதில். காரீயமும் காட்மியமும்தான் கவலை என்றால், தண்ணீரும் சேறும் முக்கியம். ஆலைக் கழிவு விழும் ஓடையின், சாம்பல் குட்டையின் அருகில் பிடித்த அடிமட்ட மீன், சிப்பி, நண்டைத் தவிர்க்கலாம். பாதரசம்தான் கவலை என்றால், தண்ணீரை விட மீனின் இனமும் எடையும் முக்கியம். கடல் மீன் என்பதாலேயே நல்லதும் இல்லை, ஏரி மீன் என்பதாலேயே கெட்டதும் இல்லை. ஒரு வருஷத்தில் அறுவடையாகும் கெண்டையும் ஜிலேபியும், அந்த ஏரியில் கழிவு விழாதவரை, பெரிய கடல் வேட்டை மீனைவிடப் பாதரசத்தில் நல்லவை.

வீட்டில் நம்மால் முடிவது இவ்வளவுதான். மிச்சம் அரசின் வேலை. பெருமாள் ஏரியிலும் உப்பனாற்றிலும் வெள்ளாற்று முகத்துவாரத்திலும் தண்ணீரை மட்டும் சோதித்து அறிக்கை கொடுத்தால் போதாது. சேற்றையும், மக்கள் வாங்கிச் சாப்பிடும் அதே இன மீனையும், மழைக்கு முன்னும் பின்னும், ஒரே அளவு மீனாக எடுத்து, ஈர எடையில், தமிழில் வெளியிட வேண்டும். பக்கத்திலேயே பரங்கிப்பேட்டையில் ஆய்வு மையம் இருக்கிறது, விருத்தாசலத்தில் செராமிக் நிறுவனம் இருக்கிறது. கிளேஸிலிருந்து கரைந்து வரும் காரீயத்தை அளக்கும் கருவிதான் மீனில் இருக்கும் காரீயத்தையும் அளக்கும். அதுவரைக்கும், யாராவது “தண்ணி சுத்தம்தான்” என்று சொன்னால், “மீனைப் பார்த்தீங்களா?” என்று திருப்பிக் கேளுங்கள்.